பைபிள் புரிய ஆள் வேணுமா, ஆவியானவர் மட்டும் போதுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்துல பஸ் ஏறி குழித்துறை, களியக்காவிளை தாண்டி பாறசாலை வரைக்கும் போனா ரோட்டோரம் சிஎஸ்ஐ, லத்தீன் கத்தோலிக்கம், மலங்கரை, ரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே, பிரதரன்னு வரிசையா போர்டு பாக்கலாம். ஒரே வீட்டுல மாமியார் ஒரு சபை, மருமக ஒரு சபை, மகன் எந்த சபைக்கும் போறதில்ல ஆனா போன்ல பிரசங்கம் கேப்பான், இதுதான் எங்க ஏரியா. அதனால "வேதத்தை யாரு சரியா சொல்றா, இல்ல பரிசுத்த ஆவியானவரே போதும், யாருமே சொல்ல வேண்டாமா"ன்னு ஒரு வழக்கு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். சண்டே ஸ்கூல்லயும், வீட்டு ஜெபக்கூட்டம் முடிஞ்சு கட்டஞ்சாயா குடிக்கும்போதும் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளத்தான் இங்க எழுதிருக்கேன். வசனமெல்லாம் நம்ம வீடுகள்ல இருக்குற பழைய மொழிபெயர்ப்புல இருந்து.

1 யோவான் 2:27-ல "ஒருவரும் உங்களுக்குப் போதிக்கவேண்டுவதில்லை"ன்னு தெளிவா இருக்கே, அப்புறம் எதுக்கு பாஸ்டர், அய்யர் (சிஎஸ்ஐ குருவானவரை இங்க இப்படித்தான் கூப்பிடுவோம்), சண்டே ஸ்கூல் எல்லாம்?

எல்லாரும் முதல்ல தூக்கிட்டு வர்ற வசனம் இதுதான், அதனால கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

முதல் விஷயம், இந்த வசனத்தை எழுதுனது யாரு? யோவான். அவர் எழுதுற லெட்டர் முழுக்க என்ன செய்றார்? போதிக்கிறார். போதிக்க யாரும் வேண்டாம்னு போதிக்க அஞ்சு அதிகாரம் எழுதுவாரா ஒரு மனுஷன்? அப்ப அவர் சொல்ல வந்தது வேற ஏதோன்னு அங்கயே தெரிஞ்சிரும்.

என்னன்னு பாக்க மேல இருக்குற வசனங்களுக்குப் போகணும். 18-ல அந்திக்கிறிஸ்துகள் அநேகர் எழும்பிட்டாங்கன்னு சொல்றார், 19-ல அவங்க நம்மள விட்டுப் பிரிஞ்சு போனவங்கதான்னு சொல்றார், 26-ல "உங்களை வஞ்சிக்கிறவர்களைக்குறித்து இவைகளை உங்களுக்கு எழுதியிருக்கிறேன்"னு சொல்றார். அடுத்த வசனம்தான் நம்ம 27. அதாவது சபையை விட்டுப் போன ஒரு கூட்டம் இயேசுவே கிறிஸ்துங்கிறத மறுதலிச்சிட்டு, மிச்சம் இருக்குறவங்களையும் குழப்பிக்கிட்டு இருந்திருக்கு. பாவம், சாதாரண விசுவாசிங்க, தாங்கள் கேட்டது பத்தாதோன்னு பயந்திருப்பாங்க. அவங்ககிட்டதான் யோவான் சொல்றார், உங்களுக்கு ஒண்ணும் குறைவில்ல, இவங்க வந்து புதுசா சொல்லிக்கொடுக்க ஒண்ணுமில்லன்னு.

இன்னொண்ணையும் பாருங்க, பலபேர் கவனிக்கிறதில்ல. 24-ம் வசனம், "ஆதிமுதல் நீங்கள் கேள்விப்பட்டது உங்களில் நிலைத்திருக்கக்கடவது". கேள்விப்பட்டதுன்னா யாரோ சொல்லித்தானே கேட்டிருப்பாங்க? ஆக மனுஷன் வாயால கேட்டதும், 27-ல சொல்ற அபிஷேகமும், அதாவது உள்ள இருக்குற ஆவியானவரும், ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. கேட்டது உண்மைதான்னு உள்ள இருந்து உறுதி கொடுக்கிறதுதான் அபிஷேகத்தோட வேலையா இங்க வருது. இந்த வசனத்தை வச்சு போதகரே வேண்டாம்னு சொல்றவங்க கடைசில என்ன செய்றாங்கன்னா, "யாரும் உங்களுக்குப் போதிக்க வேண்டாம்"னு நம்மளுக்கு ஒரு மணிக்கூர் போதிக்கிறாங்க.

சரி, எரேமியா 31:34? "இனி ஒருவன் தன் அயலானுக்குப் போதிப்பதில்லை"ன்னு வருமே?

அங்க சொல்லப்படுற விஷயம் கர்த்தரை அறியிறது. சிறியவன்ல இருந்து பெரியவன் வரைக்கும் எல்லாரும் அவரை அறிவாங்கங்கிற வாக்குத்தத்தம். எபிரெயர் நிருபம் 8-ம் அதிகாரத்துல அதை அப்படியே எடுத்து எழுதியிருக்கு. ஆனா அதே நிருபத்துல 5:12-ல "இந்நேரத்துக்கு நீங்கல்லாம் போதகராயிருக்கணும், இன்னும் பால் குடிக்கிற குழந்தையாவே இருக்கீங்களே"ங்கிற மாதிரி ஒரு திட்டு இருக்கு. 13:7-ல தேவவசனத்தைப் போதிச்சு நடத்தினவங்களை நினைச்சுக்கோங்கன்னும் இருக்கு. எரேமியா வசனத்தை எடுத்து எழுதுன ஆளுக்கே அதுக்கு "வாத்தியார் வேண்டாம்"னு அர்த்தம் படல.

மத்தேயு 23-ல யாரும் உங்களை ரபீன்னு, அதாவது போதகர்னு, கூப்பிட வேண்டாம், கிறிஸ்து ஒருவரே போதகர்னு இயேசுவே சொல்லியிருக்காரே?

சொல்லியிருக்கார். அதே மத்தேயு கடைசி அதிகாரத்துல சீஷர்கள அனுப்பும்போது "உபதேசம்பண்ணுங்கள்"னும் சொல்லியிருக்கார். 23-ல அவர் கண்டிக்கிறது விருந்துல முதல் இடம், சந்தையில வணக்கம், ஊருக்குக் காட்ட பெரிய உடுப்பு, இதுக்கெல்லாம் ஆசைப்படுற ஆளுங்கள. எங்க ஊர்ல கன்வென்ஷன் ஃபிளெக்ஸ்ல போட்டோ ஆளுயரத்துக்கு, பேருக்கு முன்னாடி நாலு பட்டம், வசனம் மட்டும் கீழ ஓரத்துல கண்ணாடி போட்டாத்தான் தெரியும். அதைத்தான் சொல்றார்னு நான் நினைக்கிறேன். அய்யரை அய்யர்னு கூப்பிடுறதுல எனக்கு ஒண்ணும் பெரிய பிரச்சனை தெரியல.

ஆவியானவர் நேரா சொல்லிக்கொடுக்கலாமே, நடுவுல ஏன் ஒரு மனுஷன்?

சொல்லலாம். அவருக்கு முடியாததா. ஆனா அப்போஸ்தலர் நடபடிகள் வாசிச்சுப் பாத்தா அவர் அப்படி செய்யாம வேணும்னே ஆளைத் தேடுற மாதிரி இருக்கும்.

8-ம் அதிகாரம், எத்தியோப்பிய மந்திரி. எருசலேம்ல இருந்து காசாவுக்குப் போற வழியில ரதத்துல உக்காந்து ஏசாயா வாசிச்சிட்டு இருக்கார், இப்ப நாம 53-ம் அதிகாரம்னு சொல்ற பகுதி. தேவதூதனும் ஆவியானவரும் பேசுறது அவர்கிட்ட இல்ல, எங்கேயோ இருக்குற பிலிப்புகிட்ட. போ, அந்த ரதத்தோட சேந்துக்கோன்னு சொல்லி ஓட வைக்கிறாங்க. பிலிப்பு போய் "நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா"ன்னு கேக்க, அந்த மந்திரி கூச்சமே இல்லாம "ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்"னு சொல்லி ரதத்துல ஏத்தி உக்கார வைக்கிறார். ஒரு ராணியோட கஜானா முழுக்க கையில வச்சிருக்குற அதிகாரி, ரோட்டுல ஓடிவந்த ஒருத்தன்கிட்ட அப்படிக் கேக்குறதே பெரிய விஷயம்.

10-ம் அதிகாரம் இன்னும் சுவாரசியம். செசரியாவுல கொர்நேலியுக்கு தேவதூதன் நேராவே வந்து நிக்கிறான். வந்த தூதன் சுவிசேஷத்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? இல்ல. யோப்பாவுக்கு ஆள் அனுப்பு, சீமோன் பேதுருன்னு ஒருத்தர், தோல் பதனிடுற சீமோன் வீட்டுல, கடல் பக்கத்துலன்னு அட்ரஸ் வரைக்கும் சொல்றான், சொல்லவேண்டிய செய்திய மட்டும் பேதுருவுக்கு விட்டுட்டுப் போறான். 9-ல பவுல், இயேசுவே நேரா பேசுறார், பேசிட்டு "பட்டணத்துக்குள்ள போ, செய்யவேண்டியது அங்க உனக்குச் சொல்லப்படும்"னு அனுப்புறார், அங்க அனனியான்னு ஒருத்தர் பயந்து பயந்து வந்து கை வைக்கிறார்.

இந்த மூணு உதாரணத்தையும் ஆதிகாலச் சபைப் பெரியவர் அகஸ்டின் எப்பவோ சொல்லிட்டார். வேதத்தை எப்படி விளக்குறதுன்னு அவர் எழுதுன புத்தகத்தோட முன்னுரையிலயே, "எங்களுக்கு தேவனே சொல்லிக்கொடுப்பார், மனுஷன் எதுக்கு"ன்னு கேட்ட ஆளுங்களுக்கு பதில் இருக்கு. எழுத்துக்கூட்டி வாசிக்க நீங்க மனுஷன்கிட்டதானே படிச்சீங்கன்னு கேப்பார். எல்லாம் நேரா மேல இருந்தே வந்துட்டா மனுஷனுக்கு மனுஷன் அன்பு பரிமாற இடமே இருக்காதுன்னும் அங்கயே சொல்றார். 1600 வருஷம் பழைய கேள்விதான் இது.

ஆனா பவுல் "நான் அதை ஒரு மனுஷனால் பெற்றதுமில்லை"ன்னு கலாத்தியர்ல சொல்றாரே?

அது அப்போஸ்தலனோட அழைப்பு, அவர் சொல்றது அவரோட சுவிசேஷத்தைப் பத்தி. அதே முதல் அதிகாரம் 18-ல மூணு வருஷம் கழிச்சு எருசலேமுக்குப் போய் பேதுருவோட 15 நாள் தங்கினேன்னும் எழுதியிருக்கார். ரெண்டு பேரும் பதினஞ்சு நாளும் மழையப் பத்தியா பேசியிருப்பாங்க?

தனியா பைபிள் வாசிச்சே விசுவாசத்துக்கு வந்தவங்க இல்லையா?

இருக்காங்க. பக்த் சிங் பேரு ஆந்திரா பக்கத்துல இருந்து இங்க வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பஞ்சாப்ல சீக்கியக் குடும்பம், கனடாவுக்குப் படிக்கப் போனவர், 1929-ல வின்னிபெக்ல புதிய ஏற்பாடு வாசிக்கும்போதுதான் இயேசுவை ஏத்துக்கிட்டார். பின்னாடி ஹைதராபாத்ல எப்ரோன் சபை, இன்னும் எத்தனையோ சபை. வாசிச்சவனை வசனமே பிடிக்கும்ங்கிறதுக்கு இவரை விட நல்ல சாட்சி வேண்டாம். ஆனா அவரும் அதுக்கப்புறம் தனியா நிக்கல, கனடாவுல ஒரு விசுவாசக் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டுல சேத்துக்கிட்டாங்க. இந்தியா வந்த பிறகு அவர் வாழ்க்கை முழுக்க மத்தவங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்குறதுலதான் போச்சு.

இதுக்கு மறுபக்கமும் ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல நியூயார்க் மாகாணத்துல வில்லியம் மில்லர்னு ஒரு விவசாயி, நல்ல மனுஷன், பாப்டிஸ்ட். விளக்கவுரை எதுவும் வேண்டாம்னு ஒதுக்கி வச்சிட்டு பைபிளும், ஒரு சொல் எந்தெந்த வசனத்துல வருதுன்னு காட்டுற ஒத்துவாக்கியமும் மட்டும் வச்சு வருஷக்கணக்கா படிச்சார். தானியேல் 8:14-ல இருக்குற 2300 நாளை வருஷமா எடுத்து, கணக்குப் போட்டு, இயேசு 1843-க்கும் 1844-க்கும் நடுவுல வருவார்னு முடிவு பண்ணார். கடைசில அவரோட இயக்கத்துல 1844 அக்டோபர் 22-ன்னு தேதியே குறிச்சிட்டாங்க, ஆயிரக்கணக்கான பேர் காத்திருந்தாங்க, நாள் வந்துச்சு, போச்சு. மில்லர் பொய்யன் இல்ல, பக்தி இல்லாதவரும் இல்ல, அவரளவு உழைச்சுப் படிக்கிறவங்க நம்மள்ல எத்தனை பேர்? தேதி குறிக்காதீங்கன்னு தடுத்தவங்களும் அந்தக் காலத்துலயே இருந்தாங்க. கேக்கலங்கிறதுதான் விஷயம்.

அப்ப போதகர் சொல்றத அப்படியே ஏத்துக்கணுமா?

இல்ல. இதுலதான் எங்க ஊரு ஒரேயடியா அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாயும். பெரோயா ஊர்க்காரங்களப் பாருங்க, அப்போஸ்தலர் 17:11. பிரசங்கம் பண்ணது பவுல், லேசுப்பட்ட ஆள் இல்ல. அவங்க மனோவாஞ்சையா கேட்டாங்க, கேட்டுட்டு வீட்டுக்குப் போய் "காரியங்கள் இப்படியிருக்கிறதா"ன்னு தினமும் வேதத்தைப் புரட்டிப் பாத்தாங்க. அதுக்கு அவங்களுக்கு எதிர்த்துப் பேசுறவங்கன்னு பேரு வரல, நற்குணசாலிகள்னு பேரு வந்துச்சு. 1 கொரிந்தியர் 14:29-லயும் ஒருத்தர் பேசும்போது மத்தவங்க நிதானிக்கணும்னுதான் இருக்கு.

இங்க ரப்பர் பால்வெட்டு படிச்சவங்களுக்கு நான் சொல்றது புரியும். புதுசா கத்தி பிடிக்கிறவன் பக்கத்துல பழகுன ஆள் நிக்கணும், ஒரு நூலிழை ஆழம் கூடிப் போச்சுன்னா பட்டையில காயம், அந்த இடம் முண்டு கட்டிரும், பின்ன அங்க வெட்ட முடியாது. ஆனா சொல்லிக்கொடுத்தவன் வருஷம் பத்தாகியும் கத்திய நம்ம கையில தராம "நான் வந்தாத்தான் பால் வரும்"னு சொன்னா அவன் நோக்கம் வேற.

என்னைப் பொறுத்தவரை நல்ல போதகரை அடையாளம் கண்டுபிடிக்க இதுதான் வழி. அவர்கிட்ட ரெண்டு வருஷம் கேட்டபிறகு நீங்க அவர் இல்லாமயே ஒரு அதிகாரத்தை எடுத்து ஓரளவு விளங்கிக்க முடியுதா? கேள்வி கேட்டா பைபிளைத் திறக்குறாரா, இல்ல "அபிஷேகம்பண்ணப்பட்டவனைத் தொடாதே"ங்கிறாரா? அந்த வசனத்தோட முன்பின் பாத்தா, சங்கீதம் 105-ல ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைத் தொடாதேன்னு கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டது. பாஸ்டர்கிட்ட சபைக் கணக்கு கேக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

தனியா வாசிச்சா என்ன தப்பா புரிஞ்சிரப் போகுது, ஒரு உதாரணம் சொல்லுங்க?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை. பன்னிரண்டு மணி தாண்டுனதும் தட்டுல வாக்குத்தத்த அட்டை வரும், கண்ணை மூடிட்டு ஒண்ணு எடுப்போம். ஜெபக்கூட்டத்துக்கு வர்ற ஒரு அக்காவுக்கு எரேமியா 29:11 வந்திருந்துச்சு, "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". மகனுக்கு விசா இந்த வருஷம் கன்பார்ம்னு அக்கா அட்டையை ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டாங்க. மார்ச் ஆச்சு, விசா வரல, அக்காவுக்கு தேவன்மேலயே வருத்தம்.

அந்த வாரம் கூட்டத்துல ஒரு பாட்டி, அறுபது வருஷமா பைபிள் வாசிக்கிறவங்க, "மக்ளே அதுக்கு மேல உள்ளத வாசி"ன்னாங்க. வாசிச்சா 10-ம் வசனம், பாபிலோன்ல 70 வருஷம் முடிஞ்ச பிறகுதான் உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன்னு இருக்கு. 5-ம் வசனத்துல வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அங்கயே இருந்து பலனைச் சாப்பிடுங்கன்னு இருக்கு. 8, 9-ல பொய்யா தீர்க்கதரிசனம் சொல்றவங்கள நம்பாதீங்கன்னு இருக்கு. அது சிறைப்பட்டுப் போன ஒரு ஜனத்துக்கு எழுதுன லெட்டர். அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "அப்ப விசா வராட்டாலும் அவரு கூட இருக்காருன்னுதானே பாட்டி இது சொல்லுது"ன்னு அவங்களே சொன்னாங்க. பாட்டி தலையாட்டிட்டு சாயா கிளாஸை எடுத்தாங்க, அவ்வளவுதான் பிரசங்கம்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாம இல்ல. மேல ஒரு வசனம் போய்ப் பாருன்னு சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. அந்த ஆளுக்கு இறையியல் பட்டம் வேணும்னும் இல்ல.

பொம்பளைங்க வேதம் சொல்லிக்கொடுக்கலாமா?

சபை ஒழுங்குல பிரசங்கபீடம் யாருக்குங்கிறதுல சபைக்கு சபை வித்தியாசம் இருக்கு, அதுக்குள்ள இப்ப போகல. ஆனா அப்பொல்லோ வேதாகமங்கள்ல வல்லவன், நல்ல பேச்சாளன், அவனை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமா விளக்குனது ஆக்கில்லாவும் அவன் மனைவி பிரிஸ்கில்லாளும், அப்போஸ்தலர் 18:26. தீமோத்தேயுவுக்கு விசுவாசம் பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள் வழியா வந்துச்சு. நம்மள்ல பாதிப்பேருக்கும் அப்படித்தான்.

கத்தோலிக்கர் ஒண்ணு சொல்றாங்க, நம்ம சபை ஒண்ணு சொல்லுது, உண்மையில வித்தியாசம் என்ன?

சுருக்கமா சொல்றேன். கத்தோலிக்கத் திருச்சபையில வேதத்துக்கு அதிகாரபூர்வமா விளக்கம் சொல்ற பொறுப்பு திருச்சபையோட போதக அதிகாரத்துக்கு. 1965-ல இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைச் சொல்லும்போதே, அந்த அதிகாரம் தேவ வார்த்தைக்கு மேல இல்ல, அதுக்கு ஊழியம் செய்றதுன்னும் சேத்தே சொல்லியிருக்கு. புராட்டஸ்டன்ட் பக்கம், 1646-ல எழுதி முடிச்ச வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை என்ன சொல்லுதுன்னா, வேதத்துல எல்லாமே ஒரே மாதிரி தெளிவா இல்ல, ஆனா ரட்சிப்புக்குத் தேவையானது படிக்காதவனுக்கும் சாதாரண வழிகளைப் பயன்படுத்தினா விளங்குற அளவுக்குத் தெளிவா இருக்கு. அந்த "சாதாரண வழிகள்"ங்கிறத நம்மாளுங்க சவுகரியமா மறந்துட்டாங்க. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கி வச்ச லூத்தரும் பைபிளை ஜெர்மன்ல கொடுத்துட்டு சும்மா போகல, சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு பைபிள் போதும், எந்த மனுஷன் உதவியும் வேண்டாம்னு ஒருத்தர் உறுதியா நின்னா?

அந்த பைபிளை அவர் கையில கொடுத்தது யாருன்னு கேளுங்க. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-ல தரங்கம்பாடி வந்தார், தமிழ் தெரியாது. ஒரு தமிழ் வாத்தியாரைத் தன் வீட்டுலயே பள்ளிக்கூடம் நடத்தச் சொல்லி, சின்னப் பிள்ளைகளோட தரையில உக்காந்து மணல்ல அ, ஆ எழுதிப் படிச்சார். அப்படிப் படிச்ச மனுஷன் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல அச்சாகி முடிஞ்சது. பிறகு பப்ரிஷியஸ், அப்புறம் ஹென்றி பவர் தலைமையில ஒரு குழு, அந்த வழியாத்தான் இன்னைக்கு நாம "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்"னு மனப்பாடமா சொல்றோம். பாறசாலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்துல வாசிக்கிறவங்களுக்கு பெஞ்சமின் பெய்லி, முழு பைபிள் 1841-ல.

நம்ம பக்கத்துலயே, மயிலாடியில வேதமாணிக்கம் தஞ்சாவூர்ல கேட்ட சுவிசேஷத்தை ஊருக்குக் கொண்டுவந்து, பிறகு மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல இங்க வந்து, அவங்க பின்னால எத்தனையோ உபதேசியார்மார். எழுத்து வாசிக்கத் தெரியாத ஜனங்களுக்கு வசனத்தை வாயாலயே சொல்லிக்கொடுத்து மனப்பாடம் ஆக்கிவிட்டாங்க. "மனுஷன் உதவி வேண்டாம்"னு சொல்றவர் கையில இருக்குற புத்தகத்துல ஒவ்வொரு வரியும் ஒரு மனுஷனோட உதவிதான்.

யூடியூப்ல கேக்குறேனே, அது போதாதா?

கேளுங்க, நானும் கேப்பேன். ஆனா அவர் உங்களை அறியமாட்டார். நீங்க தப்பா புரிஞ்சுக்கிட்டா அவருக்குத் தெரியவராது, கேள்வி கேட்டா பதில் வராது, அவர் வீட்டுல எப்படி நடக்குறார்னு உங்களுக்கும் தெரியாது. எபிரெயர் 13:7 நடத்தினவங்களோட நடக்கையின் முடிவைப் பாருங்கங்குது, அதை மொபைல்ல எப்படிப் பாக்குறது? போதகர் வேண்டாம்னு சொல்றவங்ககிட்ட பேசிப் பாத்தா பெரும்பாலும் ஒரு சேனல் பின்னால இருக்கும், போதகரை விடல, மாத்திருக்காங்க அவ்வளவுதான்.

நான் சண்டே ஸ்கூல் டீச்சராகட்டுமா?

யாக்கோபு 3:1 வாசிச்சிட்டு முடிவு பண்ணுங்க, போதகர்களுக்கு அதிக ஆக்கினைன்னு இருக்கு. அதை வாசிச்சும் ஆசை போகலன்னா வாங்க, எப்பவும் ஆள் பத்தாது.

எங்க ஊர்ல நல்லா சொல்லிக்கொடுக்குற ஆளே இல்ல, என்ன செய்ய?

மூணு நாலு பேர் சேருங்க, அதுல ஒருத்தராவது உங்களை விட வயசுல மூத்தவங்களா, நீண்ட நாள் வாசிக்கிறவங்களா இருக்கட்டும். வேற வேற சபைக்காரங்கன்னாலும் பரவாயில்ல, ஒருத்தர் கண்ணுல படாதது மத்தவர் கண்ணுல படும். அங்கங்க ஒரு வசனம் எடுக்காம ஒரு புத்தகத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சத்தமா வாசிங்க. யாரு எழுதுனது, யாருக்கு எழுதுனது, மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்குன்னு கேட்டுக்கிட்டே போங்க. ஒருத்தர்கிட்ட பழைய மொழிபெயர்ப்பு இருந்தா இன்னொருத்தர் பொது மொழிபெயர்ப்பு எடுத்துட்டு வரட்டும், மலையாளம் தெரிஞ்சவங்க இருந்தா அதையும் பக்கத்துல வச்சுக்கோங்க. எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கிற இடத்தை ஒரு நோட்டுல எழுதி வச்சு, அய்யரோ பாஸ்டரோ ஃபாதரோ யாரு நேரம் தருவாங்களோ அவங்ககிட்ட கொண்டுபோங்க. முதல் வாரத்துக்கு பிலேமோன் நல்லது, ஒரே அதிகாரம், 25 வசனம், அதுலயே ஒரு ராத்திரி முழுக்கப் பேச விஷயம் இருக்கு. அடுத்து மாற்கு.